கவிச்சி மாத்திரை

ஏனுங்க, சித்த அக்கட்ட நகந்துக்கறீங்களா? இல்ல இல்ல, சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. நான் ஒரு எடத்துல உக்கார மாட்டேன். எந்திரிப்பேன், பையை எடுப்பேன், மறுக்கா வெப்பேன். உங்களுக்குத்தான் தொந்தரவு. காங்கயம் போறதுக்கு எத்தனை நேரமாகுமுங்க? ஒண்ணே கால் மணி நேரமா? போன வாட்டி ஒரு மணி நேரத்துல கொண்டாந்து எறக்கி உட்டானே. செரி, உடுங்க. வெரசாப் போயிச் சேந்து மட்டும் என்ன பண்ணப் போறேன்.

நீங்க பழனி வரைக்குமா? நல்லதுங்க. நான் காங்கயத்துலயே எறங்கிருவேன். எறங்கித்தான் ஆகோணும்.

கையில இருக்கற மஞ்சக் கயித்தப் பாக்கறீங்களா? காப்புங்க. எங்க பக்கத்து மாரியம்மன் கோயில்ல முந்தாநேத்து, செவ்வாக்கெழமை, கம்பம் நட்டாச்சு. மூணு கெளையாப் பிரியற மரத்தை வெட்டியாந்து கோயிலு முன்னால நடுவாங்க. அன்னையில இருந்து பதினஞ்சு நாளு விரதம். கறி, மீனு, முட்டைன்னு கவிச்சி எதுவும் ஊட்டுக்குள்ளயே வரப்படாது. பதினஞ்சாம் நாளு காவேரியில குளிச்சுப்போட்டு அலகு குத்திக்கிட்டு கோயிலுக்கு வருவாங்க. குத்தி உடறது நானுங்க. பேரு அங்கமுத்து. ஈரோட்டுல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கறேன். அது சோத்துக்கு. அலகு குத்தறது மாரியாத்தா குடுத்தது. இருவத்தாறு வருசமா நான்தான்.

வலிக்குமான்னு கேக்கறீங்க. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. வலிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரத்தம் வராதுங்க. அதான் விசயம். கன்னத்தை ரண்டு வெரல்ல புடிச்சு வெளிச்சத்துக்கு நேரா காட்டுனா எந்த எடத்துல நரம்பு ஓடுது, எந்த எடம் சும்மா கெடக்குதுன்னு தெரியும். காயில் கட்டற கையி பாருங்க, தலமுடியாட்டம் மெல்லிசான கம்பியை அறுக்காம சுத்தற கையி. எடம் பாத்து ஒரே தள்ளு. விபூதிய அப்பி அமுத்திப் புடிப்பேன். அம்புட்டுத்தான், ஒரு சொட்டு வராது. என்ற வெரலும் காரணந்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா விரதம் சுத்தமா இருந்தாத்தான் வெரலு வேலை செய்யும். நான் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தனுங்க.

எப்பவாச்சும் ஒருத்தருக்கு ரத்தம் வந்துருமுங்க. வந்துச்சுன்னா நான் கேப்பேன், "ஊட்டுல என்ன தப்பு நடந்துச்சு?" ன்னு. நானா உண்டாக்குன கேள்வி இல்லீங்க அது. எனக்கு முன்னால குத்துன மாரண்ணன் கேப்பாரு, அவருக்கு முன்னால அவங்கய்யன் கேட்டிருப்பாரு. கேட்டா ஆராச்சும் ஒத்துக்குவாங்க. மருமக முட்டை தின்னுபோட்டா, பையன் வெளிய பிரியாணி தின்னுட்டு வந்தான், இப்படி எதாச்சும் ஒண்ணு. ஒத்துக்கிட்டதும் ரத்தம் நின்னுரும். மெய்யாலுமே நின்னுருமுங்க. அது பாட்டுக்கு நிக்கற நேரத்துக்கு நின்னுச்சோ என்னமோ, இப்பத்தான் அப்படித் தோணுது.

இது எந்த ஊருங்க? அவல்பூந்துறையா? இன்னும் பாதி கூட வரலை. இந்த ஆளு எதுக்கு இப்படி எல்லா நிறுத்தத்துலயும் நிறுத்தறான்?

எங்க உட்டேன்? ஆமா, கேள்வி. போன வருசத்துக்கு முந்துன வருசமுங்க. சென்னியப்பன்னு ஒருத்தரு, எங்க தெருவுலயே பன்னண்டு தறி ஓட்டிக்கிட்டிருந்தாரு. அம்பத்திரண்டு வயசு. என்னைய அண்ணா அண்ணான்னு வாய் நெறையக் கூப்புடுவாரு. வருசா வருசம் ஆறடி வேலு. அந்த வருசம் தை மாசம் கோயமுத்தூருக்குப் போயி நெஞ்சுக்கு வைத்தியம் பாத்துட்டு வந்திருக்காரு. சொன்னாரா? சொல்லலையே. தறிக்காரங்க அப்படித்தான். ஒடம்பு போச்சுன்னு தெரிஞ்சா நூல்க்காரன் நூல் தர மாட்டான்னு மூடி வெச்சிருவாங்க. அன்னைக்கே என்ற காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தாருன்னா… போட்டிருந்தா மட்டும் எனக்கு என்ன தெரிஞ்சிருக்கப் போவுது. அது வேற.

ஆத்தோரமா நிக்கறோம். மோளம் அடிக்கறாங்க. வேலு இந்தக் கன்னத்துல போயி அந்தக் கன்னத்துல வந்துருச்சு. விபூதிய அப்பி அமுத்தறேன். கையை எடுத்தா ரத்தம். மறுக்கா அமுத்தறேன். மறுக்கா ரத்தம். விபூதியெல்லாம் செவந்து சேறாட்டம் ஆயிப்போச்சு. கழுத்துல எறங்கி, நெஞ்சுல எறங்கி, மஞ்ச வேட்டி பூராவும். மோளக்காரன் அடிக்கறதை நிறுத்திப்போட்டான். நான் குத்தி அப்படி ஒரு ரத்தம் வந்ததே இல்லீங்க. பயத்துல சத்தமாவே கேட்டுப்போட்டேன். "ஊட்டுல என்ன தப்பு நடந்துச்சு?"

எரநூறு பேரு நிப்பாங்க. அத்தனை பேரும் அவரு பொண்டாட்டியப் பாத்தாங்க.

பொன்னாயான்னு பேரு. அந்தப் புள்ள ஈரச் சேலையோட, தீர்த்தக் கொடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்குது. "நான் ஒண்ணும் பண்ணலீங்ணா" ன்னு என்னையப் பாத்துச் சொல்லுச்சு. ஊரைப் பாத்துச் சொல்லலை, என்னையப் பாத்துத்தான். பொம்பளைகளுக்குள்ள குசுகுசுன்னு ஆரம்பிச்சுருச்சு. கவிச்சி தின்னாளோ, தூரமானதை மறைச்சுக்கிட்டு வந்து கொடம் தூக்குனாளோன்னு. என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா. சென்னியப்பனுக்கு வேலை உருவி, துணியக் கட்டி, ஒரு மணி நேரம் புடிச்சு வெச்சுத்தான் நின்னுச்சு. ஆனா பொன்னாயா பேரு மேல ஒட்டுனது நிக்கலை. ஒரு மாசம் அவ ஊட்டுல ஆரும் தண்ணி வாங்கிக் குடிக்கலீங்க. அவ மாமியா தனிச் சட்டி வெச்சுக்கிட்டா.

எனக்குப் பொறுக்கலை. பாவமா இருந்துச்சு. நான் கேட்ட கேள்விக்கு நான்தான பதிலும் கண்டுபுடிக்கோணும்? நேரா அவங்க ஊட்டுக்குப் போனேன். "அம்மிணி, சமையக்கட்டுல இருக்கறதெல்லாம் எடுத்து வெளிய வை" ன்னேன். எண்ணெய், நெய்யி, பெருங்காயம், பல்பொடி மொதக்கொண்டு மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்லை. அப்பறம் சாமி மாடத்துக்குக் கீழ ஒரு அட்டை கெடந்துச்சு. இது என்னன்னேன். சென்னியப்பன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, "நெஞ்சுக்கு மாத்திரைங்ணா, தெனமும் ஒண்ணு" ங்கறாரு. விரதத்துலயும் போட்டீங்களான்னேன். போட்டேங்கறாரு.

மாத்திரைன்னா கெட்டி மாத்திரை இல்லீங்க. இந்த ரண்டு மூடியாட்டம் இருக்குமே, வழவழன்னு, உள்ள மருந்து இருக்கும். கேப்சூல்ங்கறாங்களே, அது. எடுத்துக்கிட்டு மருந்துக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரன்கிட்ட, "ஏப்பா, இந்த மேல் தோலு எதுல பண்றது?" ன்னு கேட்டேன். அவன், "ஜெலட்டின்ங்க" ன்னான். அப்படின்னா? "மாட்டெலும்பு, தோலு இதையெல்லாம் காய்ச்சி எடுக்கறதுங்க" ன்னான்.

எனக்கு மண்டைக்குள்ள வெளக்கு எரிஞ்சாப்பல இருந்துச்சு. கவிச்சி! பதினஞ்சு நாளும் விரதம், தெனமும் கவிச்சி! அடுத்த செவ்வாக்கெழமை கோயில்ல அத்தனை பேரு முன்னாலயும் அட்டையத் தூக்கிக் காட்டுனேன். "தப்பு பொன்னாயா மேல இல்ல. தப்பு இந்தக் கவிச்சி மாத்திரை மேல" ன்னேன். கவிச்சி மாத்திரைங்கற பேரே அன்னைக்கு நான் வெச்சதுதான். இன்னைக்கு எங்க தெருவுல சின்னப் புள்ள கூட அந்தப் பேரைத்தான் சொல்லுது.

பொன்னாயா என்ற கால்ல உழுந்துட்டா. "என்ற மானத்தைக் காப்பாத்துனீங்ணா" ன்னு அழுதா. நானும் அழுதேன். பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லலை.

இந்தச் சன்னல் கண்ணாடியைச் சித்தத் தூக்கி உடுங்க, காத்தே வரலை. வேர்க்குது. நெஞ்சுல ஒண்ணுமில்லீங்க, சும்மா நீவிக்கிட்டேன். காலையில சாப்புடலை, அதான்.

அந்தக் கடைக்காரன் மேலதாங்க எனக்குக் கோவம். மேல் தோலு எதுல பண்றதுன்னு நான் கேட்டேன். உள்ள இருக்கற பொடி என்ன பண்ணும்னு நான் கேக்கலை. செரி, நான் படிக்காதவன், கேக்கத் தெரியலை. அவன் படிச்சவன்தான? அவனாச்சும் சொல்லியிருக்கோணுமில்ல?

அடுத்த வருசம், அதாவது போன வருசம், கம்பம் நட்ட அன்னைக்கே சென்னியப்பன் என்ற கடைக்கு வந்தாரு. "அண்ணா, நிறுத்திப்போட்டேன்" ன்னு வாயை ஆவுன்னு தொறந்து காட்டுனாரு, புள்ளையாட்டம். ரண்டு பேரும் சிரிச்சோம். டாக்டருகிட்டக் கேட்டீங்களான்னு நான் கேக்கலை. அவரும் கேட்டிருக்க மாட்டாரு. "பதினஞ்சு நாளு தானுங்ணா" ன்னாரு.

பதினஞ்சாம் நாளு, அதே எடம். கன்னத்தைப் புடிச்சு வெளிச்சத்துக்குக் காட்டறேன். தள்ளுனேன். வேலு அந்தப் பக்கம் வந்துச்சு. விபூதி அப்புனேன். கையை எடுத்தேன். வெள்ளை வெளேர்னு இருக்குதுங்க விபூதி. ஒரு சொட்டு இல்லை! மோளம் அடிச்சாங்க பாருங்க, ஆத்துக்கு அக்கரையில கேட்டிருக்கும். பொன்னாயா கொடத்தோட முன்னால நடந்தா. பழி போன பொறவும் ஒரு வருசமா குனிஞ்சே இருந்த தலை, அன்னைக்குத்தான் நிமிந்துச்சு. என்ற ஆயுசுல அப்படியொரு நாளு இல்லீங்க. என்ற கண்ணாலத்தன்னைக்குக் கூட அப்படி இல்லை.

மூணாவது நாளு சென்னியப்பன் தறிக் குடோன்ல உழுந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. தறி பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சாம்.

நான்தான் எழவு ஊட்டுல சொன்னேன். "அம்மிணி, அழுகாத. சொட்டு ரத்தம் சிந்தாம ஆத்தாகிட்டக் குடுத்த ஒடம்பு. ஆத்தாளே கூட்டிக்கிட்டா" ன்னு. அந்த வார்த்தையத்தான் அந்தப் புள்ள கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. அதை வெச்சுத்தான் எந்திரிச்சா, சோறு தின்னா, தறிய வித்துப்போட்டுக் காங்கயத்துல மக ஊட்டுக்குப் போனா. பொங்கலுக்கு எனக்கு வேட்டி அனுப்புனா. இந்தக் கட்டியிருக்கறது அதுதானுங்க.

என்ன? எப்ப எனக்குத் தெரிஞ்சுச்சுன்னா கேக்கறீங்க?

ஐப்பசியில. கடையில மோட்டாரத் தூக்கி வெச்சேன், நெஞ்சுக்குள்ள ஆரோ ஸ்பேனர் போட்டுத் திருகுனாப்பல. என்ற ஊட்டுக்காரி துளசிமணி கொண்டு போயிச் சேத்துனா. ரத்தக்குழா அடைச்சுக்கிச்சாம். ஸ்டென்ட்டுன்னு சுருளு ஒண்ணு உள்ள வெச்சாங்க. டாக்டரு படத்தைக் காட்டுனாரு. பாத்தா, காயிலு! ஊருக்கெல்லாம் காயில் கட்டறவனுக்கு ஒரு டாக்டரு காயில் கட்டி உட்டிருக்காருன்னு சிரிச்சேன். அவரு சிரிக்கலை. "இந்தச் சுருள் மேல ரத்தம் ஒறைஞ்சு ஒட்டுச்சுன்னா மறுபடி அடைச்சிரும், உயிரு போயிரும். ஒட்டாம இருக்கத்தான் மாத்திரை. ஒரு நாளு கூட உடப்படாது. நிறுத்தோணும்னா நான் சொல்லித்தான் நிறுத்தோணும்" ன்னாரு.

அப்பறம் ஒரு நர்சம்மா வந்து அட்டையக் கையில குடுத்தா. பாத்ததும் தெரிஞ்சுருச்சு. அதே ரண்டு மூடி. அதே கவிச்சி மாத்திரை.

அந்தப் புள்ள ஒப்பிக்கறாப்பல சொல்லிக்கிட்டே போறா. "அய்யா, சாப்பாட்டுக்குப் பொறவு ஒண்ணு. பிரிக்கக் கூடாது, மெல்லக் கூடாது. மறந்துட்டா நெனப்பு வந்ததும் ஒண்ணு போடுங்க, அடுத்த வேளை வந்துருச்சுன்னா அந்த ஒண்ணே போதும், சேத்து ரண்டு போடாதீங்க. மேலு வலி, மூட்டு வலின்னு கடையில கேட்டு மாத்திரை வாங்காதீங்க. பல்லு புடுங்கப் போனா இதைச் சொல்லிப்போட்டு ஒக்காருங்க. அங்கங்க நீலமாக் கன்னிப்போனா, வெளிக்குக் கருப்பாப் போனா ஒடனே வாங்க. அப்பறம் அய்யா, உங்க பக்கம் இந்த அலகு கிலகு குத்தற வேண்டுதல் இருந்தா இப்ப வேண்டாம். இந்த மாத்திரை போட்டா ரத்தம் சீக்கிரம் நிக்காது. வழிஞ்சுக்கிட்டே இருக்கும். பயந்துருவீங்க."

அவ அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. ஆம்பளை வார்டுல அத்தனை பேரு முன்னால தேம்பித் தேம்பி அழுதேன். துளசிமணி வலிக்குதான்னு கேக்கறா. வலிக்குதுன்னுட்டேன்.

நான் சொன்னதென்னமோ செரியாப் போச்சு பாருங்க. ரத்தம் வந்தது அந்த மாத்திரையாலதான். காரணந்தான் வேறயாப் போச்சு. கவிச்சிக்காக வரலை. மாத்திரை அதோட வேலையப் பாத்துக்கிட்டிருந்துச்சு, அதனால வந்துச்சு. மறு வருசம் ரத்தம் வரலைன்னு மோளம் அடிச்சோமே, அது என்னன்னா…

இருங்க. அவரு அதனாலதான் போனாருன்னு எப்படிச் சொல்ல முடியும்? போறதுக்கு நூறு காரணம் இருக்கும். சுருட்டு குடிப்பாரு. தறிச் சத்தம், தூசி. மாத்திரை போட்டிருந்தாலும் போயிருப்பாரோ என்னமோ. டாக்டரா நானு? நீங்களே சொல்லுங்க. துளசிமணிகிட்ட இதையே கேட்டா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா.

அறச்சலூரு தாண்டிட்டமா? எப்பத் தாண்டுனோம்?

இப்ப எதுக்குக் காங்கயம் போறேன்னா, பொன்னாயாளுக்கு மார்கழியில வலது கையி மரத்துப் போயி, வாயி ஒரு பக்கம் கோணிப்போச்சு. நல்ல வேளை, மக வெரசாக் கொண்டு போயிட்டா. தப்பிச்சுக்கிட்டா, இப்ப நல்லாப் பேசறா. மூளைக்குப் போற ரத்தத்துல கட்டி அடைச்சதாம். அவளுக்கும் அதே வகை மாத்திரை. ரண்டு மூடிதான். மறுபடி அடைக்காம இருக்கறதுக்கு.

நேத்து காலையில போன் பண்ணுனா. நான் ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு காயில் சுத்திக்கிட்டிருந்தேன், துளசிமணி சோறு கொண்டாந்து நிக்கறா. "ஏனுங்ணா, கம்பம் நட்டாச்சாமா? நானும் கவிச்சி மாத்திரைய நிறுத்திப்போட்டனுங்ணா. இந்த வருசம் நானும் குத்திக்கறேன். நாக்குல சின்ன வேலுதான். அவரு போனாப்பல சொட்டு சிந்தாமக் குத்திக்கோணும். நீங்கதான் குத்தி உடோணும்."

நான் என்ன சொன்னேன்னு நெனக்கறீங்க? "செரி அம்மிணி" ன்னேன்.

போனை வெச்சதும் துளசிமணி தட்டத்தைக் கீழ வெச்சுப்போட்டு, "இந்தப் புள்ளையவும் அனுப்பி வெக்கப் போறீங்களா?" ன்னா. பொண்டாட்டி பேசற பேச்சா அது? நேத்துப் பூராவும் அவளோட நான் பேசலை. இன்னைக்கு வெள்ளென எந்திரிச்சு, சட்டையத் தேச்சு, கையில குடுத்து, "சொல்லிப்போட்டு வாங்க. சொல்லாம இந்த ஊட்டுக்கு வராதீங்க" ங்கறா. முப்பத்திரண்டு வருசம் குடித்தனம் பண்ணுனதுக்கு இதுதான் மரியாதை.

போன்லயே சொல்லியிருக்கலாம்தான். போன்ல சொல்லற விசயமா இது?

நான் ஒரு யோசனை வெச்சிருக்கறேன், கேளுங்க. மருந்துக் கடையில விசாரிச்சேன். வேற கடை, அந்தக் கடை இல்லை. இதே மருந்து கெட்டி மாத்திரையாவும் வருதாம், மேல் தோலே இல்லாம. டாக்டருகிட்டச் சொன்னா அப்படியே மாத்தி எழுதிக் குடுப்பாராம். அம்மிணி, கெட்டி மாத்திரையா எழுதி வாங்கிக்க, அதுல கவிச்சி இல்ல, விரதத்துக்கு ஆகும், ஒரு நாளும் நிறுத்தாதன்னு சொல்லிப்போட்டு வந்தா முடிஞ்சுது. அவ உசுருக்கு ஒண்ணும் ஆகாது. பழசெல்லாம் எதுக்கு? புருசன் ஆத்தாகிட்டப் போனாருன்னு நிம்மதியா இருக்கறவகிட்ட, இல்ல அம்மிணி, நான் போட்ட பேரை நம்பித்தான் போனாருன்னு சொல்லி அவ சோத்துல மண்ணைப் போடோணுமா? அவ நல்லதுக்குத்தான் சொல்லறேன். எனக்காக இல்லீங்க.

நல்ல யோசனைதான?

என்ன கேட்டீங்க? மறுக்கா கேளுங்க, காத்துச் சத்தத்துல காதுல விழுகலை.

ஆமா. கெட்டி மாத்திரை போட்டாலும் குத்துனா ரத்தம் வருந்தான். மருந்து ஒண்ணுதான. நாக்கு வேற. நாக்குல வந்துச்சுன்னா நிறுத்தறது கஷ்டம். எரநூறு பேரு நிப்பாங்க. மறுக்கா அந்தப் புள்ளையத்தான் பாப்பாங்க. இந்த வாட்டி சாஞ்சுக்கப் புருசன் கூட இல்லை. கேள்வியும் ஒருத்தன் கேக்கோணுமில்ல, ஊட்டுல என்ன தப்புன்னு. நான் கேக்கலீன்னாலும் ஊரு என்ற மூஞ்சியப் பாக்கும், கேளுன்னு.

அதத்தானுங்க ராத்திரி பூராவும் யோசிச்சேன். குத்தாதன்னு சொல்லோணும். ஏன்னு கேப்பா. ஏன்னு சொன்னா எல்லாத்தையும் சொல்லோணும். ஒரு நூலை இழுத்தா மொத்தக் காயிலும் பிரிஞ்சுரும்.

அது ஒண்ணுமில்லீங்க, பாக்கெட்டுல அட்டை. கீழ உழுந்துருச்சா? குடுங்க. நன்றிங்க. என்னுதுதான்.

முழுசா இருக்குதா? அது… புது அட்டைங்க. திங்கக்கெழமை வாங்குனது.

செவ்வாக்கெழமை கம்பம் நட்டாச்சில்லீங்களா. நான் காப்புக் கட்டியிருக்கறேன். நான் எல்லாருக்கும் குத்தறவன், நான் சுத்தமா இருக்கோணுமில்ல? மத்தவங்களப்போல நானு கெடையாது. இருவத்தாறு வருசமா ஆத்தாளுக்குச் செய்யறேன், எனக்கு ஒண்ணும் ஆக உட மாட்டா. பதினஞ்சு நாளு தான…

சென்னியப்பனும் இதத்தான் சொன்னாரு. பதினஞ்சு நாளு தானன்னு. வாயத் தொறந்து காட்டுனாரு.

அப்படிப் பாக்காதீங்க. துளசிமணிக்குத் தெரியாது. காலையில கேட்டா, மாத்திரை எடுத்தீங்களான்னு. பாக்கெட்டுல இருக்குதுன்னேன். பொய் சொல்லலை. பாக்கெட்டுலதான இருந்துச்சு.

கெட்டி மாத்திரையா நானாச்சும் வாங்கியிருக்கலாமேங்கறீங்க. வாங்கியிருக்கலாம். விசாரிச்சேன், அவளுக்குன்னு. எனக்குன்னு கேக்க வாய் வரலை. கேட்டா, மருந்தை நிறுத்துனதாலதான் சென்னியப்பன் போனாருன்னு நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிரும். ரண்டு நாளாச் சுத்திச் சுத்தி அதேதான். எனக்குத் தெரியாமயா இருக்குது? எல்லாம் தெரியுதுங்க. தெரிஞ்சு என்ன, கை போக மாட்டீங்குது.

அதென்ன, போர்டுல காங்கயம் மூணு கிலோமீட்டருன்னு போட்டிருக்குது. அதுக்குள்ளயா? இத்தனை நேரம் ஊந்துக்கிட்டு வந்தான், இப்ப என்ன பறக்கறான்?

மேல் தோலைப் பிரிச்சுப்போட்டு உள்ள இருக்கற பொடிய மட்டும் வாயில போட்டுக்கட்டுமா? வேண்டாமுங்களா? ஆமா, அந்த நர்சம்மாளும் பிரிக்கக் கூடாதுன்னுதான் சொன்னா. சாப்பாட்டுக்குப் பொறவுன்னா… அந்த வாழப்பழத்துல ஒண்ணு குடுங்க. சாமிக்குக் கொண்டு போறதுங்களா? பரவாயில்லையா? உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

ரண்டு நாளு உட்டாச்சு. ஆனா மூணு முழுங்கக் கூடாது. ஒண்ணுதான், இன்னையத்து ஒண்ணுதான். ரண்டு நாளு உட்டுப்போட்டேன்னு டாக்டருகிட்டயும் சொல்லோணும். வைவாரு. வையட்டும்.

தண்ணி குடுங்க.

…எறங்கிருச்சு. ஒண்ணும் தெரியலை பாருங்க. ஒரு ருசியும் இல்லை.

காப்பு கையில இருக்க முழுங்கிப்போட்டேன். இனி இந்த வருசம் நான் ஆருக்கும் அலகு குத்த முடியாது. பொன்னாயாளுக்கும் குத்த மாட்டேன். ஏன் குத்தலைன்னு ஊரே கேக்கும். மொதல்ல அவதான் கேப்பா, இன்னுங் கொஞ்ச நேரத்துல, வாசப்படியிலயே. வாங்ணா வாங்ணான்னு சிரிச்சுக்கிட்டு வருவா. இந்த வேட்டியப் பாத்துச் சந்தோசப்படுவா. அந்தச் சிரிப்பு இருக்கையிலயே சொல்லிப்போடோணும். சித்த நேரம் உட்டா முடியாது.

அம்மிணி, அன்னைக்கு உங்க ஊட்டுல ஒரு தப்பும் நடக்கலை. இப்படித்தான் ஆரம்பிக்கப் போறேன். அப்பறம் தப்பு எங்க நடந்துச்சுங்ணான்னு கேப்பா.

பஸ்ஸு நிக்கப் போவுது. பையை எடுத்துக்கறேன். வாரனுங்க.

கேக்கட்டுமுங்க. இருவத்தாறு வருசமா நான்தான கேட்டுக்கிட்டு இருந்தேன்.